வராமல் போன புதன்கிழமை

சந்தோஷம்தானா இது, இல்லை அதுவா? யூனியன் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து செண்பகவல்லிக்கு இந்த ஒரு கேள்விதான். அது என்றால் அதுதான், வீட்டில் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. டாக்டர் வாயில் அது இருதுருவ நோய், மனநல முகாமுக்கு வருகிறவர்கள் வாயில் ஏத்தம் இறக்கம், தெருக்காரர்கள் வாயில் என்னவென்று அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. இறக்கம் வந்தால் தெரிந்துவிடும், எழுந்து பல் விளக்க முடியாது. ஏத்தம் அப்படியில்லை, அது கொம்பும் கோரைப்பல்லுமாக வராது. தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, சந்தோஷத்தின் கூடப்பிறந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டுதான் உள்ளே வரும். அதுதான் வம்பு. காலையிலிருந்து எல்லாம் நன்றாக இருக்கிறது, இருக்க வேண்டியதைவிட நன்றாக இருக்கிறது. எதிர்ச் சுவரில் டெங்கு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் கொசுகூட அழகாகத்தான் இருக்கிறது, காலில் அந்த வெள்ளை வரிகளை எவனோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்திருக்கிறான், மகராசன், அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை நன்றாகச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கொசுப்படத்தைப் பார்த்து ஒருத்திக்குத் தொண்டை அடைக்குமா? அடைக்காது. கொசுவைப் பார்க்காதே செம்பகம், தரையைப் பார். தரை சிவப்புச் சிமெண்டு, நடுவில் ஒரு விரிசல், விரிசலுக்குள் எறும்புகள், அதுகளுக்குத்தான் என்ன அவசரம், எதிரே வருகிற ஒவ்வொன்றிடமும் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போகிறது. தரையும் உதவாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கூட்டம் நடக்கிறது. சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருக்கிறார். மாதாமாதம் மூன்றாவது புதன்கிழமை ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிற மனநல முகாமை நிறுத்திவிட்டு, வேண்டியவர்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கே வந்துகொள்ளட்டும் என்று ஒரு யோசனை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போனால் முழுநாளும் போச்சு. கூட்டம் குறைவு என்று காரணம் சொல்கிறார்களாம். குறைவாம்! முகாமுக்கு எவனாவது முன்வாசல் வழியாக வருவானா? காய்ச்சல் சீட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த முகம் இல்லை என்று நாலு தரம் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக நுழைவான். பெண்கள் கர்ப்பிணி வரிசையில் நிற்பார்கள், அறுபது வயசுக்காரிகூட நிற்பாள், கேட்டால் பேத்திக்கு என்பாள். வராமல் போனவர்கள் வீட்டுக்கு செண்பகவல்லி மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். இட்லி மாவு அவள் தொழில், வீட்டில் பெரிய கிரைண்டர் இருக்கிறது. வாசலில் நின்று, மாவு வேணுமா என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள், ஆள் வெளியே வந்ததும் முகத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், மாத்திரை போடுகிறாயா என்று மெல்லக் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அது மாவு வியாபாரம். இப்படி எத்தனை பேரைத் திரும்பவும் கூட்டி வந்திருக்கிறாள்! அதையெல்லாம் கூட்டத்துல நீங்களே பேசுங்கம்மா, உங்களைப் பார்த்தாலே அவங்களுக்குப் புரிஞ்சிரும் என்றார் முகாம் டாக்டர் அருள்செல்வன். உங்களைப் பார்த்தாலே. அந்த ஒரு வார்த்தைதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. பார்த்தால் என்ன தெரியும்? இன்றைக்குப் பார்த்தால் என்ன தெரியும்? கிளிப்பச்சைச் சேலையில் ஒருத்தி தெரிவாள். ஏன் கிளிப்பச்சை? பீரோவைத் திறந்ததும் அதுதான் கூப்பிட்டது. சேலை கூப்பிட்டதாம், கேட்டுக்கொள்.

பக்கத்தில் மைனி உட்கார்ந்திருக்கிறாள். மைனி என்றால் புருஷனின் அக்கா வேலம்மாள். புருஷன் தங்கப்பழம் லாரியில் நாக்பூர், ராய்ப்பூர் என்று அலைகிறவர், இவளையும் மகளையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பது இந்த மைனிதான். பேச்சுக் கிடையாது, ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு டம்ளரில் ஊற்றி மூடிவைத்துவிடலாம். ஆனால் பார்ப்பாள். இப்போதும் பார்க்கிறாள், நேராகப் பார்க்காமல், செண்பகவல்லியின் கையைப் பார்க்கிறாள். கை பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கிறது. செண்பகவல்லி கையை நிறுத்தினாள், உடனே கால் ஆட ஆரம்பித்தது. கையை நிறுத்தினால் கால், காலை நிறுத்தினால் வாய், உடம்புக்குள் எவளோ ஒருத்தி பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள். மைனி பையைக் கேட்டுவிடுவாளோ? கேட்கக் கூடாது, இன்று மட்டும் கேட்கக் கூடாது. முகாமில் எல்லாருக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு. புத்தி தெளிவாக இருக்கிற ஒரு நாளில், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிவந்து, எல்லார் முன்னாலும் சொல்லிவைக்க வேண்டும்: எனக்கு மீறிப்போகிறது என்று உனக்குத் தோன்றினால் என் பையைக் கேள், மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிடுகிறேன். செல்போன், ஏ.டி.எம். கார்டு, வீட்டுச் சாவி எல்லாம் பையில்தான். கொடுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். இந்த ஏற்பாட்டை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னதே செண்பகவல்லிதான். எங்க மைனி கேட்டா நான் அந்த நிமிஷமே குடுத்திருவேன் என்று பெருமையாகச் சொல்லுவாள். ஆறு வருஷத்தில் மைனி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கேட்காத வரைக்கும் பெருமை பேச யாருக்குத்தான் வராது.

தெரிந்திருக்குமோ? விடியுமுன்னே கிரைண்டர் ஓடியது மைனிக்குக் கேட்டிருக்கும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லையே. காப்பி போட்டுக் கொடுத்தாள், நானும் வாரேன் என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டினாள். தூக்கம் இல்லை, அதுதான் உண்மை. நேற்று இல்லை, முந்தாநாளும் சரியாக இல்லை, ஆனாலும் அசதி இல்லையே, அசதி இல்லாததுதான் அசதியைவிடப் பயம். கை நடுக்கம்கூடப் போய்விட்டது. லித்தியம் மாத்திரை போட ஆரம்பித்த நாளிலிருந்து விரலில் ஒரு நடுக்கம், வாயில் ஒரு இரும்பு ருசி, எந்நேரமும் தாகம். போன வாரம் ஊசியில் நூல் கோத்தாள், ஒரே தடவையில் போய்விட்டது. ஊசியையும் நூலையும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள், சந்தோஷத்தில். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் என்ன, யோசித்தாள், யோசித்துவிட்டு அந்த யோசனை மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். போன மாதம் மூன்றாவது புதன்கிழமை டாக்டர் வரவில்லை. வேறெங்கோ காய்ச்சல் முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். மருந்து கொடுக்கிற ஜன்னலில் கேட்டால், டாக்டர் எழுதாமல் தரமுடியாது, எழுதினாலும் லித்தியம் ஸ்டாக் இல்லை என்றார்கள். ஊர் மெடிக்கலில் அந்த மாத்திரை வைப்பதே இல்லை. எல்லாரும் காத்துக் கிடந்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜெபராணி மட்டும் போகவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை, ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு முகாமுக்கு வருகிறவள். போன வருஷத்து இறக்கத்தில் அவள் உயிரோடு திரும்பியதே பெரிய விஷயம். எக்கா, என்கிட்ட இன்னிக்கு ராத்திரிக்குக்கூட இல்லக்கா என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட செண்பகவல்லி தேற்றி அனுப்பியிருப்பாள். அந்த வெறும் முகத்தைப் பார்த்தபிறகு என்ன செய்ய? வீட்டுக்குக் கூட்டிப்போய், தன் டப்பாவில் சேர்த்துவைத்திருந்த அட்டைகளில் பாதியை எடுத்துக் கொடுத்தாள். உனக்கும் எனக்கும் ஒரே மாத்திரைதான்டி, வச்சுக்கோ. அன்றிலிருந்து இவளுக்கு இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை மட்டும்தான். மாத்திரையை நிறுத்தாதே, குறைக்காதே, அடுத்தவருக்குக் கொடுக்காதே என்று வீடு வீடாக மாவு வாளியோடு போய்ச் சொன்ன வாய்தான் இது. செய்ததில் குற்றம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, திரும்ப அந்த முகம் வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டால் கொடுத்துவிடுவேன் என்றுதான் வருகிறது, அப்புறம் எங்கே போய் முட்டிக்கொள்ள.

கதவு திறந்து ஒரு ப்யூன் எட்டிப் பார்த்தார். "முகாம் விஷயமா வந்தவங்க இருங்க, ரோடு விஷயம் முடிஞ்சதும் கூப்பிடுவாங்க" என்றார். "சரிங்கய்யா, நல்லதுங்கய்யா, உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்" என்றாள் செண்பகவல்லி. ஒரு சரி போதுமே, எதற்கு மூன்று? ப்யூன் ஒரு மாதிரி சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஏத்தம் முற்றிப்போன அந்த வருஷம், தெரு முழுக்க அந்தச் சிரிப்புத்தான் இருந்தது. வீட்டிலிருந்த அரிசி எல்லாவற்றையும் ஊறப்போட்டாள், போதவில்லை, கடையில் மூட்டையாக இறக்கினாள், கிரைண்டர் சூடாகிப் புகைந்தது, நிறுத்தவில்லை. கோயில் கொடை முடியும்வரைக்கும் இந்தத் தெருவில் யாரும் அரைக்கக் கூடாது, எல்லாருக்கும் என் மாவுதான், சும்மா, எடுத்துக்கோங்க! அண்டா அண்டாவாக வாசலில் வைத்தாள். எல்லாரும் பாத்திரத்தோடு வந்தார்கள், மகராசி என்றார்கள், ஒருத்தியாவது, ஏட்டி உனக்கு என்னவோ ஆயிட்டு, உள்ள போய்ப் படு என்று சொன்னாளா? வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு தங்கப்பழமும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் கையைத் துண்டால் கட்டி வேனில் ஏற்றும்போது, அதே ஆட்கள், அதே வாசல்களில் நின்று பார்த்தார்கள். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வேனுக்குள்ளிருந்து பார்த்தபோது பிள்ளை மைனியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. அந்தப் புதைத்த தலை, கோணல் வகிடு, ஒரு பக்கம் மட்டும் கட்டியிருந்த ரிப்பன். திரும்பி வந்தபிறகு ரொம்ப நாளைக்கு அது பக்கத்தில் வரவில்லை. இப்போது வருகிறாள், மடியில் படுக்கிறாள், ஆனால் அம்மா கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பெற்ற தாய் சிரித்தால் பிள்ளை பயப்படுகிறது, இதைவிட என்ன வேண்டும்.

இதைச் சொல்ல வேண்டும், உள்ளே போய் இதைத்தான் சொல்ல வேண்டும், இந்த ரிப்பனை, இந்த வகிட்டை. பேச்சு அவளுக்குள் தானாகவே பொங்கி வந்தது. மேடம், நீங்க காய்ச்சலுக்கு ஊசி போடுறீங்க, உடைஞ்ச காலுக்குக் கட்டுப் போடுறீங்க, உடைஞ்ச பேருக்கு யார் கட்டுப் போடுறது? ஆகா. எப்படி வருகிறது பார். ஒன்றைத் தொட்டால் அடுத்தது, அதைத் தொட்டால் அதற்கடுத்தது, ஒரு சொல்லுக்கும் தேட வேண்டியதில்லை, வரிசையில் முண்டிக்கொண்டு நிற்கின்றன. ஆறு வருஷமாக இப்படி வந்ததில்லை. ஆறு வருஷமாக அவள் யோசித்துப் பேசினாள், மெல்லப் பேசினாள், எல்லாருக்கும் நல்ல மனுஷியாக, உப்பில்லாத கஞ்சியாக இருந்தாள். பாவி, இது எவ்வளவு நன்றாக இருக்கிறது! இதை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கொம்பனாலாவது முடியுமா? இந்தப் பேச்சை உள்ளே போய்ப் பேசினால் அந்த அதிகாரியம்மா எழுந்து நின்றுவிடும், முகாமை நிறுத்துவதாவது, மாதம் ஒன்று என்பதை வாரம் ஒன்று ஆக்கிவிடும், ஏன், இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே தனி வார்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கூடம், மாவு நான் அரைக்கிறேன், எல்லா மாவும் நானே... யோசனை அங்கேயே நின்றது. எல்லா மாவும் நானே. வந்துவிட்டதே. இத்தனை நேரம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டது. இல்லை இல்லை, சும்மா ஒரு ஆசைதானே, ஆசை யாருக்குத்தான் இல்லை? ஒரு அரைமணி நேரம். இந்த அரைமணி நேரம் மட்டும் இது கூட இருக்கட்டும். பேசி முடித்துவிட்டு அப்படியே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம். இப்போது போய் எனக்கு ஏறுகிறது என்று சொன்னால் யார் பேசுவார்கள்? வேறு யார் இருக்கிறார்கள்? ஜெபராணி வருவாளா, முக்காட்டை எடுப்பாளா? நான் பேசாவிட்டால் முகாம் போய்விடும், பேசினால் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பைத்தியத்தையா சாட்சிக்குக் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டரைத்தான் கேட்பார்கள். அரைமணி நேரம். கடவுளே, அரைமணி நேரம் தாங்காதா?

"செம்பகம்" என்றாள் மைனி.

"என்ன மைனி?"

"பையக் குடு."

முதலில் வந்தது கோபம்தான், அடிவயிற்றிலிருந்து வந்தது. இவள் யார் கேட்க? வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறவள், முகாமுக்காக ஒரு வாசலாவது ஏறியிருப்பாளா, இன்றைக்கு, இந்த நேரம் பார்த்து! உனக்குப் பொறாமை, நான் நாலு பேர் முன்னால் பேசப்போகிறேன் என்று உனக்குப் பொறாமை. சொல்லியே விட்டிருப்பாள், உதடுவரைக்கும் வந்துவிட்டது. "நான் நல்லாத்தான இருக்கேன் மைனி! என்ன செஞ்சுட்டேன் இப்ப? சேல கட்டுனது குத்தமா? இன்னிக்குன்னு பாத்து இப்பிடிக் கேக்கியளே!" குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாக் கடைசியில் நின்றிருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான்.

மைனியின் குரல் உயரவில்லை. "போன மாசம் மாத்தர வரல. உன் டப்பாவுல ஒரே நாள்ல பாதி போச்சு, மிச்சம் மட்டும் இன்னும் தீராமக் கெடக்கு. எப்பிடி?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த தீப்பெட்டிக் கம்பெனிப் பிள்ளைக்குக் குடுத்தியோ?" என்றாள்.

மைனி டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறாள். கோபம் போன இடம் தெரியவில்லை, அந்த இடத்தில் வெட்கமும் பயமும் வந்து உட்கார்ந்தன. எங்க மைனி கேட்டா அந்த நிமிஷமே குடுத்திருவேன். இதோ கேட்டுவிட்டாள், எங்கே கொடு பார்ப்போம். கை பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது, அதை விடச்சொன்னால் கேட்கவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பையை மைனியின் மடியில் வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு மைனி. எல்லாம் போச்சு. யாரு பேசுவா இனி? வாங்க, போவோம்" என்று எழுந்தாள்.

"எங்க போற? இரு." மைனி பையின் வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "பையத்தான கேட்டேன். பேசாதன்னா சொன்னேன்? டாக்டரும் உள்ளதான இருக்காரு. போய்ப் பேசு. கத வேண்டாம், உள்ளதச் சொல்லு. நான் பின்னால நிக்கேன்."

கூப்பிட்டார்கள். அறை முழுக்க மேசைகள், தண்ணீர் பாட்டில்கள், ஆட்கள். நடுவில் அந்த அதிகாரி, பாவம், நல்ல ஜலதோஷம், மூக்கு சிவந்து கைக்குட்டையும் கையுமாக இருந்தார். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன நீலப்பூ, எவ்வளவு அழகு, பார்க்காதே. டாக்டர் அருள்செல்வன் எழுந்து, "மேடம், நான் சொன்னேன்ல, செண்பகவல்லி, இவங்கதான். ஆறு வருஷமா ஒரு வேளை மாத்திரை தவறல. இந்த முகாமால என்ன முடியும்ங்கறதுக்கு இவங்களே சாட்சி" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் அவள் மேசையைப் பார்த்தாள். அந்தப் பேச்சு, பொங்கி வந்த அத்தனை பேச்சும், தொண்டைக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டு நின்றது. உடைந்த பேர், கட்டு, ரிப்பன், வார்டு, சாப்பாட்டுக்கூடம். விட்டால் சாயங்காலம்வரை வரும். முதுகுக்குப் பின்னால் மைனி மூச்சுவிடுவது கேட்டது.

"மேடம், டாக்டர் சொன்னது சரியில்ல. அவருக்குத் தெரியாது" என்றாள். "போன மாசம் முகாம் நடக்கல. என்கூட வர்ற ஒரு பிள்ளைகிட்ட மாத்திர இல்ல. என்னதுல பாதிய அவளுக்குக் குடுத்துட்டேன். அப்பலேந்து நான் பாதிதான் போடுதேன். அது தப்புன்னு எனக்கே தெரியும், ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லுதேன். ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இப்ப, உங்க முன்னால நிக்கும்போதே, எனக்கு ஏறிக்கிட்டு இருக்கு. உங்க கைக்குட்ட எனக்கு ரொம்ப அழகாத் தெரியுது மேடம். அது நல்லதுக்கில்ல." இன்னும் வந்தது, நிறைய வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் நிறுத்தியதில்லை.

மேசைக் கடைசியில் ஒருவர், "இதுக்குத்தான் சார் இவங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்கறது" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. டாக்டர் முகம் செத்துவிட்டது. ஆசையாசையாகக் கூட்டி வந்த சாட்சி அவர் காலையே வாரிவிட்டது. அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சொல்லல?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த தலைக்குள் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அவள் மெதுவாகவே சொன்னாள்.

"எங்க வச்சு சார் சொல்ல? வீட்ல சொன்னா கட்டிப் போடுவாங்க, தெருவுல சொன்னா சிரிப்பாங்க. இந்த மாதிரிச் சொல்லுததுக்கு எங்களுக்கு உள்ளது உங்க ரூம் ஒண்ணுதான். போன மாசம் அது பூட்டிக் கெடந்துச்சு."